தேக்குப் பலகையில் மூன்று பிட்: ஹாபி சிஎன்சியில் கையால் டூல் மாற்ற முழுமையான வழிகாட்டி

காரைக்குடியில் நிலைக்கதவு செதுக்கும் ஆசாரி ஒரு தாமரையை முடிப்பதற்குள் எத்தனையோ தடவை உளி மாற்றுவார். புதிதாக எடுத்த உளி எவ்வளவு நீளம் என்று அவர் அளந்து பார்ப்பதில்லை. முனை மரத்தில் எங்கே படுகிறது என்பதைக் கண் பார்த்துக்கொள்ளும், ஆழத்தைக் கை சொல்லிவிடும். கணினிக் கட்டளைப்படி செதுக்கும் சிஎன்சி ரூட்டருக்கு அந்தக் கண்ணும் கையும் கிடையாது. அதன் உளியான பிட்டை நீங்கள் மாற்றியதே அதற்குத் தெரியாது. பழைய பிட்டின் நுனி இருந்த இடத்திலேயே புதியதும் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஓடும். புது பிட் 4 மி.மீ. நீளமாக இருந்தால் அன்னத்தின் கழுத்தில் 4 மி.மீ. பள்ளம் விழும், குட்டையாக இருந்தால் காற்றைச் செதுக்கும்.

பேச்சு தெளிவாக இருக்க ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். 450க்கு 300 மி.மீ. அளவில், 25 மி.மீ. கனமுள்ள பழைய தேக்குப் பலகை. நடுவில் தாமரை, இரண்டு பக்கமும் அன்னம், ஓரத்தில் கொடிக்கோடு. அதிகபட்ச ஆழம் 12 மி.மீ. முதலில் 6 மி.மீ. நேர் பிட், 0.5 மி.மீ. மிச்சம் வைத்து ரஃப்பிங், அதாவது முரட்டுச் செதுக்கல் செய்யும். அடுத்து நுனி ஆரம் 1 மி.மீ. உள்ள டேப்பர் பால்நோஸ் (உருண்டை நுனியுள்ள கூம்புப் பிட்), உருவத்தை முடிக்கும். பிறகு 60 டிகிரி வி-பிட், கொடிக்கோட்டுக்கு. கடைசியில் மறுபடியும் 6 மி.மீ. பிட், பலகையை வெட்டி எடுக்க. ஆக மூன்று பிட், மூன்று மாற்றம். வெட்டி எடுப்பதையும் ரஃப்பிங்கோடு முடித்து ஒரு மாற்றத்தை மிச்சம் பிடிக்கத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். சுற்றிலும் வெட்டுப்பட்ட பலகை, வெட்டாமல் விட்ட சிறு இணைப்புத் துண்டுகளில் மட்டும் நின்றுகொண்டு, மணிக்கணக்கில் ஓடும் பால்நோஸுக்கு அசையாமல் ஈடுகொடுக்காது.

கீழே வரும் குறியீடுகளைத் தமிழ் எழுத்தில் தருகிறோம். கணினியில் அவற்றுக்குரிய ஆங்கில எழுத்தையே தட்டுங்கள். மோட்டார்களை ஓட்டும் கன்ட்ரோலரில் உள்ள மென்பொருள் ஜிஆர்பிஎல் 1.1 என்று வைத்துக்கொள்கிறோம், சிறிய இயந்திரங்களில் பெரும்பாலும் அதுதான் இருக்கிறது.

மாறுவது இசட் மட்டும்

பிட் மாறும்போது இசட், அதாவது மேல்-கீழ் அளவு, மாறியே தீரும். கிடை அளவுகளான எக்ஸும் ஒய்யும் ஒரு மயிரிழைகூட மாறக் கூடாது. இந்த இரண்டையும் தனித்தனி வேலையாகப் பாருங்கள்: இசட்டை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிடிக்க வேண்டும், எக்ஸ், ஒய்யைத் தொடவே கூடாது.

எக்ஸ், ஒய் நகர்வதற்கு ஜிஆர்பிஎல்லின் ஒரு செட்டிங் பெரும்பாலும் காரணமாக இருக்கும். $1 என்பது ஓட்டம் நின்றபின் மோட்டாரை எவ்வளவு நேரம் பிடித்து வைக்க வேண்டும் என்பது. ஆரம்ப மதிப்பு 25, அதாவது 25 மில்லி விநாடி. அதற்குமேல் மோட்டார் பிடியை விட்டுவிடும். நீங்கள் ஸ்பானர் போட்டு இழுக்கும்போது கேன்ட்ரி (பிட்டைச் சுமந்து நகரும் பாலம்) சத்தமில்லாமல் அரை மி.மீ. நகர்ந்துவிடும், திரையில் எண் மாறாது. $1=255 என்று கொடுத்தால் மோட்டார் எப்போதும் பிடித்தபடியே இருக்கும். கொஞ்சம் சூடாகும், அதனால் கெடுதல் இல்லை. டிரைவரின் மின்னோட்டம் சரியாக வைக்கப்பட்டிருந்தால் போதும்.

இசட்டை எங்கே பிடிப்பது

பலகையின் மேற்பரப்பில் இசட் பூஜ்யம் வைப்பதுதான் பலருக்குப் பழக்கம். ஒரே பிட் வேலைக்கு அது சரி. நம் வேலையில் ரஃப்பிங் முடிந்தவுடன் அந்த மேற்பரப்பில் பாதி இருக்காது. மிச்சம் இருக்கும் மூலையிலும் நார் எழுந்து நிற்கும். பழைய வளவு வீடுகளைப் பிரித்து எடுத்த தேக்கில் இன்னொரு சங்கடம் உண்டு: ஒரு முனைக்கும் மறு முனைக்கும் கனம் 1, 2 மி.மீ. வித்தியாசப்படும். முதல் பிட்டை ஒரு மூலையிலும் அடுத்ததை வேறு மூலையிலும் தொட்டால் அந்த வித்தியாசம் அப்படியே சிற்பத்தில் படியாக விழும்.

ஆகவே பூஜ்யத்தை இயந்திரத்தின் கட்டிலின் பரப்பில், அதாவது பலகைக்கு அடியில் கிடக்கும் ஸ்பாயில்போர்டில் வையுங்கள். வரைபடத்தை இயந்திரக் கட்டளையாக்கும் கேம் மென்பொருளில் ஸ்டாக்கின் (செதுக்கும் பலகையின்) அடிப்பரப்பைப் பூஜ்யமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலகையின் அடியை இழைப்புளியால் தட்டையாக்கி, நான்கு மூலையிலும் நடுவிலும் வெர்னியரால் அளந்து, இருப்பதிலேயே பெரிய அளவைக் கனமாகக் கொடுங்கள். 6 மி.மீ. பிட்டால் முதலில் ஒரு மெல்லிய ஃபேசிங் (மேற்பரப்பைச் சமமாக்கும்) ஓட்டம் கொடுத்தால் மேற்பரப்பு கட்டிலுக்கு இணையாகிவிடும். இதை விட்டுவிட்டால் கடைசியில் வி-பிட் கோடு ஒரு பக்கம் தடித்தும் மறு பக்கம் மெலிந்தும் வரும்.

கட்டிலைப் பிட்டால் தொட்டுப் பார்ப்பதற்கு, மூலையில் ஒரு அலுமினியக் கட்டையை நிரந்தரமாகத் திருகி வையுங்கள். 40க்கு 40 மி.மீ., உயரம் 30 மி.மீ. போதும். இது பலகையைவிட உயரம் என்பதால், பலகையை எட்டுகிற எந்தப் பிட்டும் இதையும் எட்டும். கட்டையிலிருந்து ஒரு கம்பி, பிட் தொட்டதை உணரும் கன்ட்ரோலரின் புரோப் முனைக்கு, ஊனோ போர்டில் அது ஏ5. முதலைக் கிளிப் உள்ள இன்னொரு கம்பி கிரவுண்டுக்கு. கிளிப்பைப் பிட்டிலேயே மாட்ட வேண்டும். பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் உடம்பு எர்த் ஆகியிருந்தாலும் நடுவில் பேரிங் இருக்கிறது, அதை நம்ப முடியாது. எம்டிஎஃப் ஸ்பாயில்போர்டு மின்சாரம் கடத்தாது. ஆனால் கட்டையின் திருகு அடியிலுள்ள இரும்புச் சட்டத்தைத் தொடக் கூடாது, மல்ட்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள்.

கட்டையின் உயரத்தை வெர்னியரின் ஆழக்கம்பியால் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். அந்த அளவில் 0.05 மி.மீ. பிசகு இருந்தால்? மூன்று பிட்டுக்கும் அதே பிசகு. சிற்பம் முழுவதும் 0.05 மேலோ கீழோ போகும், யார் கண்ணுக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரிவது ஒரு பிட்டுக்கும் அடுத்த பிட்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான். அதனால்தான் ஒரே கட்டை, அதே இடம், அதே வேகம் என்று பிடிவாதமாக இருக்க வேண்டும். ஸ்பாயில்போர்டை மறுபடி இழைத்தால் மட்டும் கட்டை உயரத்தைத் திரும்ப அளக்க வேண்டும்.

கட்டை வேலைப் பரப்புக்கு வெளியே இருக்கட்டும். கேமில் பாதுகாப்பு உயரத்தையும் கட்டிலிலிருந்து 40 மி.மீ.க்குக் குறையாமல் வையுங்கள், இல்லையென்றால் வேகமாகப் போகும்போது பிட் கட்டையில் மோதும்.

காகிதம் வைத்துத் தொடும் முறை அவசரத்துக்கு ஆகும். சாதாரண அச்சுத்தாள் சுமார் 0.1 மி.மீ. கனம். காகிதம் இழுத்தால் லேசாகப் பிடிக்கும் இடம் ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம் மாறும். கொடிக்கோட்டுக்குப் போதும், பால்நோஸ் வேலைக்குப் போதாது. ஒரு நூல் (3.175 மி.மீ.) ஷாங்க், அதாவது தண்டு, உள்ள பிட்களில் வரும் பிளாஸ்டிக் வளையங்களும் அப்படித்தான். வளையம் கோலெட் (பிட்டின் தண்டைக் கவ்வும் பகுதி) வாயில் உட்கார்ந்தால் நீளம் ஏறக்குறைய ஒன்றாக வரும், அந்த ‘ஏறக்குறைய’ சிற்பத்துக்கு ஆகாது.

எம்6 வந்தால் என்ன நடக்கிறது

கேம் மென்பொருள் பிட் மாற்ற வேண்டிய இடத்தில் எம்6 என்ற கட்டளையை எழுதும். ஜிஆர்பிஎல் 1.1க்கு எம்6 தெரியாது, பிழை 20 என்று திருப்பி அனுப்பும். சிலர் அதை எம்0 (இடைநிறுத்தம்) என்று மாற்றிவிடுவார்கள். அதில் இரண்டு ஆபத்து. முதலாவது, எம்0 ஓட்டத்தை நிறுத்தும், ஸ்பிண்டிலை நிறுத்தாது. முன்னால் ஸ்பிண்டிலை நிறுத்தும் எம்5 இல்லையென்றால் சுற்றிக்கொண்டிருக்கும் பிட்டிடம் ஸ்பானரோடு போய் நிற்பீர்கள். இரண்டாவது, எம்0-இல் நிற்கும்போது இயந்திரம் ஹோல்டு நிலையில் இருக்கிறது. ஜாக் செய்ய (பொத்தானால் நகர்த்த) முடியாது, புரோப் ஓட்ட முடியாது. அதாவது இசட்டைத் திரும்பப் பிடிக்கவே வழியில்லை.

ஃபைலைக் கணினியிலிருந்து கன்ட்ரோலருக்கு அனுப்பும் ஜிசெண்டர், சிஎன்சிஜேஎஸ், பிசிஎன்சி போன்ற செண்டர் மென்பொருள்கள் எம்6-ஐக் கன்ட்ரோலருக்கு அனுப்பாமல் தாங்களே நிறுத்திக்கொள்ளும்படி அமைக்கலாம். அப்போது இயந்திரம் ஐடில் நிலையில் இருப்பதால் புரோப் ஓடும். ஜிஆர்பிஎல்-ஹால் கன்ட்ரோலராக இருந்தால் $341 என்ற செட்டிங்கிலேயே கைமாற்ற முறையைத் தேர்ந்தெடுக்கலாம்.

எங்கள் பரிந்துரை எல்லாவற்றையும்விட எளியது: பிட்டுக்கு ஒரு ஃபைல். 1-ரஃப், 2-பால், 3-வி, 4-வெட்டு என்று எண்ணிட்டு நான்கு ஃபைல். எந்த மென்பொருளிலும் வேலை செய்யும், நடுவில் குழப்பம் வந்தால் எந்த ஃபைலில் இருக்கிறோம் என்று தெரியும். ஒவ்வொரு ஃபைலும் ஜி90 (பூஜ்யத்திலிருந்து அளவு), ஜி21 (மி.மீ.), ஜி54 (வேலையின் பூஜ்யம்) என்று தொடங்கி, ஸ்பிண்டிலைச் சுற்றவிடும் எம்3 கொடுத்தபின் ஜி4 பி8 என்று 8 விநாடி காத்திருக்க வேண்டும். ஸ்பிண்டிலின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி முழு வேகம் எடுக்கும் முன் பிட் மரத்தில் இறங்கினால் மெல்லிய பால்நோஸ் நுனி அங்கேயே ஒடியும்.

கோலெட்

இசட்டை எவ்வளவு நுணுக்கமாகப் பிடித்தாலும் பிட் கோலெட்டுக்குள் வழுக்கினால் எல்லாம் வீண். நேர் பிட்டின் மேல்நோக்கிய திருகு மரத்தூளை மேலே தள்ளும்போது, பிட் தன்னையே கீழே இழுத்துக்கொள்ளும். ஆழம் போகப் போக அதிகமாகிறது என்றால் முதல் சந்தேகம் இங்கேதான்.

ஷாங்க் அளவை வெர்னியரால் பாருங்கள். ஆசாரிக் கணக்கில் அங்குலத்துக்கு 8 நூல். ஒரு நூல் 3.175 மி.மீ., இரண்டு நூல் 6.35 மி.மீ. கடையில் கிடைக்கும் பிட்களில் இரண்டு நூல் ஷாங்கும் உண்டு, 6 மி.மீ. ஷாங்கும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. 6.35 கோலெட்டில் 6 மி.மீ. ஷாங்கைப் போட்டால் நட்டு இறுகும், பிடி வாயில் மட்டும் இருக்கும், பாரம் ஏறியதும் வழுக்கும். 3.175க்குத் தனி கோலெட், 6க்குத் தனி, 6.35க்குத் தனி என்று வாங்கிவிடுங்கள். நம் மூன்று பிட்டையும் 6 மி.மீ. ஷாங்கிலேயே வாங்கினால் கோலெட் மாற்றும் வேலையே இல்லை.

கோலெட்டை முதலில் நட்டுக்குள் சாய்த்து அழுத்துங்கள். ‘டக்’ என்று உட்கார வேண்டும். அதன்பிறகே ஸ்பிண்டிலில் ஏற்ற வேண்டும். கோலெட்டை ஸ்பிண்டிலில் போட்டு மேலே நட்டைத் திருகினால் கோணலாக உட்காரும், கழற்றும்போது உள்ளேயே சிக்கிக்கொள்ளும். பிட்டை உள்ளே முழுக்கத் தள்ளி, முட்டிய இடத்திலிருந்து 1, 2 மி.மீ. வெளியே இழுத்து இறுக்குங்கள். முட்டிய நிலையில் இறுக்கினால் கோலெட் பின்னோக்கிப் போக இடமில்லாமல் பிடி குறையும். குறைந்தது கோலெட் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வழவழப்பான ஷாங்க் உள்ளே இருக்க வேண்டும், வெட்டும் திருகு உள்ளே போகக் கூடாது.

இரண்டு ஸ்பானரையும் கத்தரிக்கோல் போல அருகருகே பிடித்து ஒரே கையால் நெருக்குங்கள். விசை இரண்டு ஸ்பானருக்குள்ளேயே அடங்கிவிடும், கேன்ட்ரிக்குப் போகாது. ஒரு ஸ்பானரைக் கேன்ட்ரியில் முட்டுக்கொடுத்து மற்றதை இழுப்பது எக்ஸைத் தள்ளிவிடும். கழற்றும்போது நட்டு ஒருமுறை தளர்ந்து, கொஞ்சம் சுற்றியபின் மறுபடி இறுகுவது போலத் தெரியும். அது கோலெட் வெளியே இழுபடும் இடம், அங்கே இன்னொரு தடவை ஸ்பானர் போட வேண்டும். பிட்டை மற்றொரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள்.

தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. மெல்லிய தூள் அதோடு சேர்ந்து கோலெட்டின் கீறல்களில் பிசின் போல ஒட்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் பிரஷால் தட்டுங்கள், வேலை முடிந்த அன்று தின்னர் தொட்டுத் துடையுங்கள். ஷாங்கில் பழுப்புத் தழும்பு தெரிந்தால் அது வழுக்கிய அடையாளம்.

மாற்றும் வரிசை

முதல் பிட்டுக்கும் இதே வரிசைதான். “முதல் பிட்டுக்குக் கண்ணளவு, மற்றதற்குக் கட்டை” என்று கலந்தால் முழு முறையும் உடைந்துபோகும்.

1. ஃபைல் முடிந்ததும் ஜி53 ஜி0 இசட்-2 கொடுத்து இசட்டை உச்சிக்குத் தூக்குங்கள். ஹோமிங் செய்த, அதாவது லிமிட் சுவிட்ச்சைத் தொட்டுத் தன் இடத்தைத் தெரிந்துகொண்ட இயந்திரத்தில்தான் இதற்கு அர்த்தம் உண்டு. இசட்0 வேண்டாம், லிமிட் சுவிட்ச்சில் இடிக்கலாம்.

2. ஸ்பிண்டிலை இயந்திரத்தின் முன்பக்கம், பலகைக்கு வெளியே கொண்டுவாருங்கள். அந்த இடத்தை ஒருமுறை ஜி30.1 கொடுத்துப் பதிந்தால் அடுத்தமுறை ஜி30 போதும். பிட் கை தவறினால் கட்டிலில் விழட்டும், செதுக்கிய இதழில் விழ வேண்டாம்.

3. ஸ்பிண்டிலின் மின்சாரத்தை மட்டும் அணையுங்கள். டிரிம் ரூட்டர் என்றால் பிளக்கையே பிடுங்குங்கள். கன்ட்ரோலர் அணையக் கூடாது. அவசர நிறுத்தப் பொத்தான் கன்ட்ரோலரையும் சேர்த்து அணைக்கும் இணைப்பாக இருந்தால் இதற்கு அதைப் பயன்படுத்தாதீர்கள், இடம் மறந்துவிடும்.

4. பிட்டை மாற்றுங்கள். ரஃப்பிங் முடிந்த பிட் சுடும், கொஞ்சம் பொறுங்கள். கழற்றிய பிட்டை அதன் டப்பாவில் போடுங்கள். கார்பைடு நுனி இரும்பு மேசையில் உருண்டு மோதினாலே சிப்பாகும்.

5. கட்டையின் மேற்பரப்பையும் பிட் நுனியையும் துடையுங்கள். ஒரு தேக்குத் தூள் துணுக்கு 0.2 மி.மீ. இருக்கும்.

6. கிளிப்பைப் பிட்டில் மாட்டி, தனியாக ஒரு கம்பியால் பிட்டையும் கட்டையையும் இணைத்துப் பாருங்கள். செண்டரில் புரோப் விளக்கு எரிய வேண்டும். எரியாமல் புரோப் ஓட்டினால் பிட் கட்டைக்குள் இறங்கும்.

7. பிட்டைக் கட்டைக்கு 10 மி.மீ. மேலே கொண்டுவந்து இந்த வரிகளை ஓட்டுங்கள். இவற்றை மேக்ரோவாகச் சேமிப்பது நல்லது:

ஜி21 ஜி91
ஜி38.2 இசட்-20 எஃப்100
ஜி0 இசட்2
ஜி38.2 இசட்-4 எஃப்25
ஜி10 எல்20 பி1 இசட்30
ஜி0 இசட்15
ஜி90

இரண்டு தடவை தொடுவதற்குக் காரணம் உண்டு. தொட்டதும் இயந்திரம் அந்தக் கணமே நிற்பதில்லை, வேகம் குறைந்து நிற்க ஒரு தூரம் தேவை. ஆக்சிலரேஷன் 10 (மி.மீ./விநாடி²) என்ற ஆரம்ப மதிப்பில் இருந்தால், 100 (மி.மீ./நிமிடம்) வேகத்தில் சுமார் 0.14 மி.மீ. தாண்டும். 25 வேகத்தில் அது 0.01க்குள் அடங்கும். ஜி10 எல்20 நின்ற இடத்தைத்தான் 30 என்று எழுதுகிறது, எனவே மெதுவான தொடுதலுக்குப் பிறகே அதைக் கொடுக்க வேண்டும். 30க்குப் பதில் உங்கள் கட்டையின் உண்மையான உயரத்தைப் போடுங்கள்.

8. கிளிப்பைக் கழற்றுங்கள். மறந்தால் ஸ்பிண்டில் கம்பியைச் சுருட்டிக் கிழிக்கும். ஸ்பானர் இரண்டும் கிளிப்பும் மாட்ட ஒரே கொக்கி வையுங்கள், மூன்றும் கொக்கியில் தொங்கினால்தான் ஸ்பிண்டில் சுவிட்ச்.

9. இசட்டைக் கட்டிலுக்கு 35 மி.மீ. உயரத்துக்கு அனுப்பி, ஸ்கேலால் அளந்து பாருங்கள். பெரிய தவறு எல்லாம் இங்கேயே பிடிபடும். பிறகு அடுத்த ஃபைல்.

நடுவில் பிட் ஒடிந்து அதே அளவுள்ள இன்னொன்றைப் போட்டாலும் இந்த ஒன்பதும் வேண்டும். பழைய வீட்டு மரத்தில் உள்ளே முறிந்த ஆணி இருப்பது சகஜம், பிட் அதில்தான் அதிகம் ஒடிகிறது. பலகையைக் கட்டும் முன்பே மெட்டல் டிடெக்டரால் தடவிப் பாருங்கள்.

கரன்ட் போனால்

ஜி54 பூஜ்யம் நினைவகத்தில் இருக்கும், அழியாது. இயந்திரம் எங்கே நிற்கிறது என்பது மட்டும் மறந்துபோகும். மறுபடி ஹோமிங் செய்து, இசட்டைக் கட்டையில் பிடித்தால் தொடரலாம். லிமிட் சுவிட்ச் இல்லாத இயந்திரத்துக்கு வேலை தொடங்கும்போதே பலகையின் கழிவுப் பகுதியில், எக்ஸ், ஒய் பூஜ்யத்தில், வி-பிட்டால் 1 மி.மீ. ஆழப் புள்ளி ஒன்று குத்தி வையுங்கள். அதற்கும் கட்டையில் இசட் பிடித்துவிட்டுத்தான்.

கன்ட்ரோலருக்கும் லேப்டாப்புக்கும் மட்டும் யுபிஎஸ் போடுவதில் ஒரு பொறி இருக்கிறது. கரன்ட் போனதும் ஸ்பிண்டில் நிற்கும், மோட்டார்கள் ஓடும். சுற்றாத பிட் மரத்தில் இழுபட்டு ஒடியும். இதற்கு 230 வோல்ட் காயில் உள்ள ஒரு ரிலேயை மெயினில் இணைத்து, அதன் என்.சி. தொடர்பை (ரிலேக்கு மின்சாரம் இல்லாதபோது மூடியிருக்கும் ஜோடி முனை) கன்ட்ரோலரின் ஃபீட் ஹோல்டு முனைக்கும் (ஓட்டத்தை இடைநிறுத்துவது, ஊனோவில் ஏ1) கிரவுண்டுக்கும் நடுவே கொடுங்கள். மெயின் போன கணத்தில் ரிலே விழுந்து ஓட்டம் நிற்கும். 230 வோல்ட் பக்கத்தை எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

கோடு விழுந்தால் எங்கே தேடுவது

பிசகின் அளவே காரணத்தைச் சொல்லும். பிசகு சரியாக 30 மி.மீ. என்றால் ஜி10 வரியில் கட்டை உயரம் விட்டுப்போயிருக்கிறது. 0.1, 0.2 என்று சீராக இருந்தால் கட்டையில் தூள், அல்லது இரண்டாவது தொடுதல் ஓடவில்லை. ஆரம்பத்தில் சரியாக இருந்து போகப் போக ஆழமானால் கோலெட். ஆழம் சரி, ஆனால் உருவம் முழுவதும் ஒரு பக்கம் தள்ளியிருந்தால் $1 அல்லது ஸ்பானர் பிடித்த விதம். புரோப் கட்டையைத் தொடும் முன்பே நின்றுவிட்டால் கம்பியில் விஎஃப்டியின் இரைச்சல் ஏறுகிறது. ஷீல்டு கம்பி போட்டு, ஸ்பிண்டில் கேபிளிலிருந்து விலக்கி ஓட்டுங்கள்.

வி-பிட்டில் இசட் பிசகு அகலமாகத் தெரியும். 60 டிகிரி பிட்டில் 0.2 மி.மீ. கூடுதலாக இறங்கினால் கோடு 0.23 மி.மீ. தடிக்கும், 90 டிகிரியில் 0.4. அதனால் கொடிக்கோட்டை முதலில் கழிவுப் பகுதியில் ஓர் அங்குலம் ஓட்டி, வெர்னியரால் அளந்துவிட்டு ஃபைலைத் தொடங்குங்கள். ரஃப்பிங் பிட் விட்ட தடம் மட்டும் வரிவரியாகப் படிக்கட்டுபோல ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் அது டூல் மாற்றத்தின் குற்றமல்ல. ஸ்பிண்டில் செங்குத்தாக இல்லை. நேர் பிட் தன் விளிம்பில் வெட்டுகிறது, அதைச் சரிசெய்யாமல் இசட்டைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பலனில்லை.